சின்ன ஹைப்ரிட் காரில் நெடும்பயணம்: முதல்முறை கிளம்புபவர்களுக்கு

பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் கார் வாங்கிய பலரும் முதல் நெடும்பயணம் முடிந்ததும் கேட்கும் கேள்வி இது: "ஊருக்குள் அவ்வளவு மைலேஜ் கொடுத்த வண்டி, நெடுஞ்சாலையில் ஏன் குறைத்துவிட்டது?" வண்டியில் கோளாறு எதுவும் இல்லை. சாதாரண பெட்ரோல் கார் நெடுஞ்சாலையில்தான் அதிகம் கொடுக்கும், ஹைப்ரிட் பெரும்பாலும் அதற்கு நேர்மாறு. 2012 மாடல் டொயோட்டா ப்ரியஸ் சி காருக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கொடுத்த எண்களைப் பாருங்கள். நகரத்தில் கேலனுக்கு 53 மைல், நெடுஞ்சாலையில் 46. நம் கணக்கில் சொன்னால் லிட்டருக்கு ஏறக்குறைய 22.5 கி.மீ., 19.5 கி.மீ.

காரணம் எளிது. ஊருக்குள் பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் வீணாகப் போக வேண்டிய ஆற்றலில் ஒரு பங்கை மோட்டார் பிடித்து பேட்டரியில் போடுகிறது, சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் அணைந்துவிடுகிறது. நெடுஞ்சாலையில் பிரேக்கும் இல்லை, சிக்னலும் இல்லை, காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் வேலை மட்டும்தான். அந்த வேலையில் பேட்டரியால் பெரிதாக உதவ முடியாது. ஆகவே நெடும்பயணத்தில் மைலேஜைத் தீர்மானிப்பது உங்கள் வேகமும், காரின் மேல் நீங்கள் கட்டி வைத்திருக்கும் பொருளும்தான். ஹைப்ரிட் அமைப்பின் பங்கு அதற்கு அடுத்ததுதான். இந்தக் கட்டுரை அந்த வரிசையில்தான் போகும். பிளக்கில் சொருகி சார்ஜ் செய்யும் வகை கார்களை இங்கே சேர்க்கவில்லை, அவற்றின் கணக்கு வேறு.

முதலில், உங்கள் கார் எந்த வகை?

எல்லா ஹைப்ரிட்டும் ஒன்றல்ல. டொயோட்டாவின் சின்ன கார்களில் இன்ஜின், இரண்டு மோட்டார்கள், இவற்றை இணைக்கும் கோள் பற்சக்கரத் தொகுப்பு ஒன்று என்ற அமைப்பு இருக்கும். இன்ஜின் சக்தியில் ஒரு பகுதி நேராகச் சக்கரத்துக்கும், மீதி மின்சாரமாக மாறி மோட்டார் வழியாகவும் போகும். எந்த விகிதம் என்பதைக் கணினி நொடிக்கு நொடி மாற்றிக்கொண்டே இருக்கும். ஹோண்டா ஜாஸ் போன்ற இ:ஹெச்இவி (ஹோண்டா தன் ஹைப்ரிட் அமைப்புக்கு வைத்த பெயர்) கார்களில் குறைந்த வேகத்தில் மோட்டார்தான் காரை இழுக்கும், இன்ஜின் மின்சாரம் தயாரிக்கும். நெடுஞ்சாலை வேகம் வந்ததும் ஒரு கிளட்ச் பூட்டி இன்ஜினை நேரடியாகச் சக்கரத்தோடு சேர்த்துவிடும். 2016-இல் ஜப்பானில் வந்த நிஸான் நோட் இ-பவரில் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. இன்ஜின் எப்போதும் மின்சாரம் தயாரிக்கும் வேலை மட்டுமே செய்யும். ஒரே சீரான அதிவேக ஓட்டத்தில் இந்த மூன்றாவது வகைக்குத்தான் பாதகம், ஏனென்றால் ஆற்றல் இருமுறை உருமாறி, இருமுறையும் கொஞ்சம் இழந்து சக்கரத்துக்குப் போகிறது.

இவை தவிர "மைல்ட் ஹைப்ரிட்" என்ற பெயரில் விற்பவை உண்டு. அவற்றில் உள்ள சின்ன மோட்டார் இன்ஜினுக்குக் கைகொடுக்கும், ஆனால் பெரும்பாலானவற்றில் தனியாகக் காரை நகர்த்தாது. நெடுஞ்சாலையில் அது ஏறக்குறைய சாதாரண பெட்ரோல் கார்தான். மைலேஜ் எதிர்பார்ப்பையும் அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த எண்ணை நம்புவது?

விற்பனைத் தாளில் உள்ள மைலேஜ் எண்ணை வைத்துப் பெட்ரோல் கணக்குப் போட்டுக் கிளம்பாதீர்கள். மேலே சொன்ன ப்ரியஸ் சி, ஜப்பானில் 2011 டிசம்பரில் அக்வா என்ற பெயரில் வந்தது. அங்கே அப்போதிருந்த ஜேசி08 சோதனை முறைப்படி அதற்குக் கிடைத்த எண் லிட்டருக்கு 35.4 கி.மீ. அமெரிக்கச் சோதனையில் நகரமும் நெடுஞ்சாலையும் சேர்த்து 50 மைல், அதாவது 21 கி.மீ. சொச்சம். இரண்டும் பொய்யில்லை, ஓட்டிப் பார்த்த முறைதான் வேறு. ஜப்பானியச் சோதனையில் வேகமும் முடுக்கமும் குறைவு. அமெரிக்கச் சோதனையில் அதிவேகம், ஏ.சி., குளிர் எல்லாம் சேரும். 2017 முதல் ஐரோப்பாவில் வந்த டபிள்யூஎல்டிபி முறை, அதற்கு முந்தைய முறையைவிட நிஜச் சாலைக்கு நெருக்கமானது. நெடும்பயணத்துக்கு என்று ஒரு எண் வேண்டுமானால், அமெரிக்கச் சோதனையின் நெடுஞ்சாலை எண்ணைத் தேடிப் பாருங்கள். அது கிடைக்காவிட்டால் டபிள்யூஎல்டிபி முறையில் அதிவேகப் பகுதிக்கெனத் தனியாகத் தரப்படும் எண்.

மைல் கணக்கில் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். ஒரே கார் பிரிட்டிஷ் கணக்கில் 20 சதவீதம் அதிகம் ஓடுவதுபோல் தெரியும். ஐரோப்பியர்கள் 100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்று எழுதுவார்கள். 100-ஐ அந்த எண்ணால் வகுத்தால் நம் கணக்கு வந்துவிடும். 5 லிட்டர் என்றால் லிட்டருக்கு 20 கி.மீ.

கிளம்பும் முன்

டயர் காற்று. இதை முந்தின நாள் இரவோ, காலையில் கிளம்பும் முன்போ, டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு பார்த்தால் சூட்டில் அழுத்தம் கூடித் தெரியும், குறைவாக இருப்பதே தெரியாமல் போய்விடும். ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் ஆள், சுமை இரண்டுக்கும் ஏற்ற அளவு இருக்கும். நான்கைந்து பேரும் பெட்டிகளும் போவதானால் முழுச்சுமைக்குச் சொன்ன அளவை வையுங்கள். நான்கு டயரிலும் அழுத்தம் ஒவ்வொரு பிஎஸ்ஐ குறையும்போதும் மைலேஜ் 0.2 சதவீதம் குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. கேட்கச் சின்ன எண்தான், ஆனால் மாதக்கணக்கில் பார்க்காத டயரில் எட்டு, பத்து பிஎஸ்ஐ குறைந்திருப்பது சாதாரணம். மைலேஜை விடுங்கள், நெடுஞ்சாலையில் காற்றுக் குறைந்த டயர் சூடேறி வெடிக்கும் ஆபத்துதான் பெரிய விஷயம். சொன்னதைவிட அதிகமாக அடித்து மைலேஜ் தேடுவதும் வேண்டாம், ஈரச் சாலையில் பிடிமானம் போய்விடும்.

கூரைப் பெட்டி. சின்ன ஹைப்ரிட்டுகளில் டிக்கி சின்னது, அதனால் கூரையில் கட்டும் ஆசை வரும். முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள். மழுங்கிய முகமுள்ள பெரிய கூரைப் பெட்டி, அதிவேகச் சாலையில் மைலேஜை 10 முதல் 25 சதவீதம் வரை தின்னும் என்று அதே துறை சொல்கிறது. ஹைப்ரிட் தொழில்நுட்பத்துக்காகக் கூடுதலாகக் கொடுத்த பணத்தின் பலன் கணிசமாக அங்கேயே காற்றோடு போய்விடும். காலியான கேரியர் கம்பிகள்கூட இழுவைதான், வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள். எடை அவ்வளவு பெரிய எதிரி இல்லை. 45 கிலோ கூடினால் ஒரு சதவீதம் குறையும், அவ்வளவுதான். பெட்டியை உள்ளே திணித்துக்கொண்டு போவது எப்போதும் லாபம்.

அப்படித் திணிக்கும்போது ஒரு இடத்தை மட்டும் அடைக்கக் கூடாது. பல சின்ன ஹைப்ரிட்டுகளில் பேட்டரி பின்சீட்டுக்கு அடியில் இருக்கும். அதைக் குளிர்விக்கும் விசிறி, சீட்டின் கீழோ பக்கத்திலோ உள்ள ஒரு சல்லடை வழியாகத்தான் காரின் உள்ளே இருக்கும் காற்றை இழுக்கிறது. போர்வை, தலையணை, பை என்று அதன்மேல் சாய்த்து வைத்தால் பேட்டரி சூடேறும். சூடேறினால் கணினி மோட்டாரின் உதவியைக் குறைத்துவிடும். மைலேஜும் போகும், இழுவையும் போகும், நாளடைவில் பேட்டரியின் ஆயுளும் போகும். பின்சீட்டில் குழந்தைகளோடு போகிறவர்கள் வழியில் இறங்கும்போதெல்லாம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுவது நல்லது. நாய், பூனை வளர்ப்பவர்கள் அந்தச் சல்லடையின் வடிகட்டியைக் கிளம்பும் முன் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

அப்புறம், சின்ன 12 வோல்ட் பேட்டரி. காரின் கணினியை எழுப்புவது இதுதான், பெரிய பேட்டரி இல்லை. இது செத்துவிட்டால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் கார் கிளம்பாது. பழசாகிவிட்டதென்றால் பயணத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

வேகம்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். மைலேஜில் பாதிக் கதை இதுதான்.

காற்றின் எதிர்ப்பு, வேகத்தின் இருமடிப்படி கூடும். மணிக்கு 100 கி.மீ.யிலிருந்து 110-க்குப் போனால் வேகம் 10 சதவீதம் கூடுகிறது, காற்றெதிர்ப்பு 21 சதவீதம். 120-க்குப் போனால் 44 சதவீதம். டயர் உருளும் எதிர்ப்பு வேகத்தோடு அவ்வளவாக மாறாது என்பதால் மொத்தச் செலவு இதே அளவில் கூடாது. 90-க்கும் 120-க்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு சின்ன காருக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு கி.மீ.க்குத் தேவைப்படும் ஆற்றல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகிவிடுகிறது.

இதற்கு ஈடாகக் கிடைக்கும் நேரம் எவ்வளவு? 300 கி.மீ. தூரத்தைச் சீராக 100-இல் போனால் 3 மணி நேரம். 110-இல் போனால் 2 மணி 44 நிமிடம். மிச்சம் 16 நிமிடம், ஒருமுறை காபிக்கு இறங்கினால் போகும் நேரம். சாலையின் வேக வரம்புக்குள், போக்குவரத்துக்குத் தடையாக இல்லாமல், 85 முதல் 95 வரை வைத்து ஓட்டுவதுதான் சின்ன ஹைப்ரிட்டுக்கு ஏற்றது என்பது என் கருத்து. இன்ஜின் சத்தமும் அந்த வேகத்தில் அடங்கியிருக்கும். அவசரம் இருக்கும் நாளில் வேகமாகத்தான் போக வேண்டும். போங்கள், ஆனால் அன்று மைலேஜ் குறைந்ததற்குக் காரை நோகாதீர்கள்.

எதிர்க்காற்றும் வேகம்தான், ஆனால் வேகமானியில் தெரியாது. மணிக்கு 20 கி.மீ. எதிர்க்காற்றில் 90-இல் போனால், காரின் உடம்புக்கு அது 110. போகும்போது ஒரு மைலேஜ், திரும்பும்போது வேறு மைலேஜ் என்று குழம்புபவர்கள் முதலில் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று யோசிக்கலாம்.

பேட்டரி ஏன் இங்கே காப்பாற்றாது என்பதற்கும் ஒரு கணக்கு. ப்ரியஸ் சி காரின் பேட்டரியில் அடங்குவது ஒரு கிலோவாட் மணியைவிட (மின்கட்டணத்தில் சொல்லும் ஒரு யூனிட்) குறைவு. அதிலும் ஆயுளைக் காக்க, நடுவில் உள்ள பகுதியை மட்டுமே கணினி பயன்படுத்தும், முழுதும் நிரப்பாது, முழுதும் வடிக்காது. 100-இல் சீராகப் போக ஒரு சின்ன காருக்குச் சுமார் 11, 12 கிலோவாட் தேவை. அந்தப் பேட்டரியை மட்டும் நம்பினால் மூன்று கி.மீ. போவதே பெரிது. ஆக நெடுஞ்சாலையில் எல்லா ஆற்றலும் பெட்ரோலிலிருந்துதான். அப்படியிருந்தும் இந்தக் கார்கள் சாதாரண கார்களை மிஞ்சுவதற்குக் காரணம் இன்ஜின்தான். அட்கின்சன் சுழற்சி என்ற முறையில், எரிந்த வாயுவை அதிக நேரம் விரியவிட்டு ஆற்றலைக் கறந்துகொள்ளும் இன்ஜின் இது. 2020-இல் வந்த யாரிஸ் ஹைப்ரிட்டின் மூன்று சிலிண்டர் இன்ஜின், பெட்ரோலின் வெப்பத்தில் 40 சதவீதம் வரை வேலையாக மாற்றும் என்கிறது டொயோட்டா. இந்த வகை இன்ஜினுக்குக் கீழ்வேக இழுவை கொஞ்சம் மந்தம். அதை ஈடுகட்டத்தான் மோட்டார் இருக்கிறது.

காலும் பட்டன்களும்

ஹைப்ரிட்டை ஊர்ந்து ஊர்ந்து வேகம் ஏற்ற வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். தேவையில்லை. மிக மெதுவாக ஏற்றினால், பேட்டரியை வடித்துவிட்டு அப்புறம் அதை நிரப்ப இன்ஜின் கூடுதல் வேலை செய்யும். நிதானமாக, தயக்கமில்லாமல் மிதித்து வேண்டிய வேகத்துக்கு வந்துவிட்டு, காலைத் தளர்த்துங்கள். திரையில் "ஈகோ" என்று காட்டும் பகுதியின் மேல்விளிம்பை ஒட்டி முள் நின்றால் சரியான அளவு.

பிரேக்கைத்தான் பழக வேண்டும். மோட்டார் பிடித்துக்கொள்ளும் ஆற்றலுக்கு ஒரு நொடிக்கு இவ்வளவுதான் என்ற வரம்பு உண்டு. திடீரென்று மிதித்தால் வரம்பை மீறிய பங்கை சாதாரண பிரேக் தகடுகள் வெப்பமாக்கிவிடும். 1,300 கிலோ எடையோடு 100-இல் போகும் காரிடம் இருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 0.14 கிலோவாட் மணி. அதை மறுபடி இன்ஜின் மூலம் உண்டாக்க ஏறக்குறைய 45 மில்லிலிட்டர் பெட்ரோல் வேண்டும். தூரத்தில் சுங்கச் சாவடியோ வளைவோ தெரிந்ததும் காலை எடுத்துவிட்டு, மெல்லப் பிரேக்கைத் தொட்டுக்கொண்டே போனால் அதில் நல்ல பங்கு திரும்பும். திரும்பாத பங்கு எப்போதும் இருக்கும், அதனால் தேவையில்லாமல் வேகம் ஏற்றி இறக்குவதைவிடச் சீராகப் போவதே மேல். ஆபத்தான நேரத்தில் மட்டும் இதெல்லாம் யோசிக்காமல் அழுத்திப் பிடியுங்கள்.

க்ரூஸ் கன்ட்ரோல் சமதளத்தில் நல்ல நண்பன். ஏற்ற இறக்கமான சாலையில், சொன்ன வேகத்தைக் காப்பாற்ற ஒவ்வொரு மேட்டிலும் இன்ஜினை விரட்டும். அங்கே அதை அணைத்துவிட்டு, மேட்டில் வேகம் கொஞ்சம் குறைய விட்டு, இறக்கத்தில் தானாக ஏற விடலாம்.

"பவர்" பட்டனை அழுத்தினால் கூடுதல் சக்தி வரும் என்று நினைப்பவர்கள் உண்டு. வராது. அதே சக்தி, ஆக்சிலரேட்டரின் மேல்பகுதியிலேயே சீக்கிரம் கிடைக்கும், அவ்வளவே. "ஈகோ" அதற்கு எதிர். மிதி மந்தமாகும், ஏ.சி.யும் பல கார்களில் கொஞ்சம் அடங்கும். மோட்டாரில் மட்டும் ஓட்டும் "இவி" பட்டனை நெடும்பயணத்தில் தொடவே வேண்டாம். வாகன நிறுத்தத்துக்குள் சத்தமில்லாமல் நகர்த்தத்தான் அது. இறக்கத்தில் நியூட்ரலில் போடும் பழைய பழக்கத்தை இந்தக் காரில் அடியோடு விட்டுவிடுங்கள். நியூட்ரலில் மோட்டார் ஆற்றலைச் சேமிக்காது. நெரிசலில் நிற்கும்போதும் நியூட்ரல் வேண்டாம், ஏ.சி. பேட்டரியைக் குடித்துக்கொண்டிருக்கும், இன்ஜினால் அதை நிரப்ப முடியாது. நீண்ட நேரம் நிற்பதானால் பார்க்கிங்கில் போடுங்கள்.

மலைச் சாலை

புதியவர்கள் பயப்படுவதும் இங்கேதான், வியப்பதும் இங்கேதான்.

ஏற்றத்தில் முதல் சில நிமிடங்கள் மோட்டாரும் இன்ஜினும் சேர்ந்து இழுக்கும், கார் சுறுசுறுப்பாகப் போகும். ஏற்றம் நீண்டால் பேட்டரி அளவு கீழே வரும், மோட்டாரின் கூடுதல் உதவி குறையும். ப்ரியஸ் சி காரில் எல்லாம் சேர்ந்த சக்தி 73 கிலோவாட், இன்ஜினின் சக்தி மட்டும் 54. நீண்ட ஏற்றத்தின் நடுவில் உங்கள் கையில் மிஞ்சுவது அந்த 54-ஐ ஒட்டிய சக்திதான். இது போதாதா? போதும். நான்கு பேரோடு 1,500 கிலோ ஆகிவிட்ட காரை 6 சதவீதச் சரிவில் 80-இல் ஏற்றுவதற்கு 30 கிலோவாட்டுக்குள்தான் ஆகும். மேலே ஏற முடியாமல் நிற்கும் என்ற பயம் வேண்டாம். ஆனால் அந்த நேரத்தில் ஒரு லாரியை முந்த நினைத்தால், அடிவாரத்தில் இருந்த துள்ளல் இருக்காது. திரையில் பேட்டரி கடைசி ஒன்றிரண்டு கட்டங்களுக்கு வந்துவிட்டால் முந்துவதைத் தள்ளிப் போடுங்கள். ஒன்றிரண்டு நிமிடம் லாரிக்குப் பின்னால் நிதானமாகப் போனாலே ஒரு கட்டமாவது ஏறும்.

இன்ஜின் சத்தமும் அப்போது அதிகமாக இருக்கும். கியர் மாறி அடங்கும் என்று காத்திருந்தால் அடங்காது, மாறுவதற்கு அங்கே கியரே இல்லை. தேவைப்படும் சக்தி எந்தச் சுழற்சியில் சிக்கனமாகக் கிடைக்குமோ அங்கே இன்ஜினை நிறுத்திவைக்கிறது கணினி. காதுக்குத்தான் தொல்லை, இயந்திரத்துக்கு இல்லை.

இறக்கத்தில் என்ன ஆகிறது? 1,300 கிலோ கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் விடுபடும் ஆற்றல் சுமார் 3.5 கிலோவாட் மணி. அதில் காற்றும் டயரும் மாற்றத்தில் ஏற்படும் இழப்பும் போக மிஞ்சுவதே, உங்கள் பேட்டரியில் இருக்கும் இடத்தைவிடப் பல மடங்கு. 200, 300 மீட்டர் இறங்குவதற்குள்ளேயே பேட்டரி நிரம்பிவிடும். அதற்கு மேல் மின்சாரத்தைப் போட இடமில்லை. சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவது சாதாரண பிரேக்கின் தலையில் விழும். நீண்ட இறக்கத்தில் அது சூடேறினால் பிடிப்புப் போய்விடும்.

அதற்காகத்தான் கியர் கம்பியில் "பி" (B) என்ற எழுத்து இருக்கிறது, எல்லா கார்களிலும் இல்லாவிட்டாலும் டொயோட்டா, ஹோண்டா வகைகளில் பெரும்பாலும் இருக்கும். பார்க்கிங்கைக் குறிக்கும் எழுத்தோடு (P) இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள், இது பிரேக்கைக் குறிப்பது. டொயோட்டா வகையில் இதைப் போட்டால், மோட்டார் இன்ஜினைப் பெட்ரோல் இல்லாமலே சுற்றவைத்து, அந்தச் சுற்றலில் மிகுதி ஆற்றலைச் செலவழிக்கும். சமதளத்தில் இதைப் போட்டு ஓட்டினால் மைலேஜ் நஷ்டம். சிறு இறக்கத்திலும் வேண்டாம், அங்கே பேட்டரிக்கே போகட்டும். நீண்ட, செங்குத்தான இறக்கத்தில் தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள். பேட்டரி நிரம்பிய பிறகு, நீங்கள் எதையும் தொடாமலே இன்ஜின் உறுமும். பலர் இதைக் கேட்டு வண்டி கெட்டுவிட்டது என்று ஓரம் கட்டுவார்கள். கார் அதுவாகவே இன்ஜினைச் சுற்றிவிடுகிறது, பெட்ரோல் அப்போதும் செலவாகாது.

முந்தும்போது

சின்ன ஹைப்ரிட்டின் வேகத்தைப் பற்றி இரண்டு மிகைகள் உலவுகின்றன. நகராது என்பது ஒன்று, மோட்டார் இருப்பதால் பறக்கும் என்பது மற்றொன்று. 2012-இல் வந்த யாரிஸ் ஹைப்ரிட் நின்ற நிலையிலிருந்து 100 கி.மீ. வேகம் எட்ட 11.8 விநாடி எடுக்கும். 2020 மாடலுக்கு 9.7 விநாடி. அன்றாட ஓட்டத்துக்குத் தாராளம், ஒற்றை வழிச் சாலையில் வரிசையாக மூன்று வாகனங்களைத் தாண்டுவதற்குப் போதாது. ஆளும் சுமையும் ஏறிய காரில் இன்னும் மெதுவாகும்.

முந்தப் போகிறீர்கள் என்றால் ஆக்சிலரேட்டரை அரைகுறையாக மிதிக்காதீர்கள், அடிவரை மிதியுங்கள். கியர் இறங்கும் தாமதம் இல்லாததால் மோட்டார் அந்தக் கணமே இழுக்கும், இன்ஜின் அரை நொடியில் சேர்ந்துகொள்ளும். சத்தம் முதலில் வரும், வேகம் பின்னால் வரும். சத்தத்தை வைத்து வேகத்தை மதிப்பிட்டால் ஏமாறுவீர்கள், வேகமானியைப் பாருங்கள். முதல் பயணத்துக்கு முன் காலியான சாலையில், நான்கு பேரை ஏற்றிக்கொண்டு 60-லிருந்து 90-க்கு எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரத் தாளில் உள்ள எண்ணைவிட இது உதவும்.

ஏ.சி., வெயில், குளிர்

பெரும்பாலான முழு ஹைப்ரிட்டுகளில் ஏ.சி. கம்ப்ரெசர் மின்சாரத்தில் ஓடும். இன்ஜின் அணைந்தாலும் குளிர் நிற்காது. நெடுஞ்சாலையில் ஏ.சி.யின் பங்கு சிறியது, கண்ணாடியை இறக்கினால் காற்று இழுவை கூடும். ஆகவே வேகமாகப் போகும்போது கண்ணாடியை மூடி ஏ.சி. போடுவதே சரி. பேட்டரி உள்காற்றைத்தான் சுவாசிக்கிறது என்பதால், வெயிலில் ஏ.சி. போடுவது அதற்கும் நல்லது. குளிர்நாட்டில் கதை மாறும். உள்ளே சூடேற்ற இன்ஜினின் வெப்பம் வேண்டும், அதனால் தேவையில்லாத நேரத்திலும் இன்ஜின் ஓடும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது என்பதால் எதிர்ப்பும் கூடும். குளிர்காலத்தில் மைலேஜ் கணிசமாகக் குறைவது இயல்பு.

இன்னொரு எச்சரிக்கை. காரை இயக்கத்திலேயே விட்டுவிட்டு ஏ.சி.யில் உள்ளே தூங்கினால், பேட்டரி குறையும்போதெல்லாம் இன்ஜின் தானாகவே எழும். திறந்தவெளியில் மட்டும் இப்படி ஓய்வெடுங்கள். மூடிய கொட்டகையில் கூடாது, கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும். சத்தமே இல்லாமல் நிற்பதால் அணைத்துவிட்டோம் என்று நினைத்துச் சாவியோடு இறங்கிப் போவதும் இந்தக் கார்களில் நடக்கும்.

டேங்க்

ப்ரியஸ் சி காரின் டேங்க் 36 லிட்டர். லிட்டருக்கு 19 என்றால் 680 கி.மீ. சொச்சம், ஆனால் அதை முழுதும் நம்பாமல் 500, 550-க்கு ஒருமுறை நிரப்பத் திட்டமிடுங்கள். இன்னும் இவ்வளவு தூரம் ஓடும் என்று திரை காட்டுவது, கடந்த சில தூரத்தின் சராசரியை வைத்துப் போடும் ஊகம். மலை அடிவாரம் வரை நல்ல மைலேஜ் கொடுத்த கார் ஏற்றத்தில் அந்த எண்ணை மளமளவென்று குறைக்கும். பெட்ரோல் தீர்ந்தால் பேட்டரியில் போய்விடலாம் என்ற எண்ணம் வேண்டவே வேண்டாம். கொஞ்ச தூரம் போகும், அதன்பின் பேட்டரி ஆபத்தான அளவுக்கு வடிந்து, பெட்ரோல் ஊற்றினாலும் எழாமல் போகலாம். இன்ஜினைச் சுற்றி எழுப்ப அந்தப் பெரிய பேட்டரிதான் வேண்டும். வழியில் நின்று இழுத்துப் போக வேண்டி வந்தால், முன்சக்கரங்கள் தரையில் உருளக் கூடாது. மேடை வண்டியில் ஏற்றச் சொல்லுங்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோல் போட்டால் மைலேஜ் கொஞ்சம் குறையும். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. 10 சதவீதக் கலவையில் ஏறக்குறைய 3 சதவீதம் குறையும்.

அளப்பது எப்படி?

திரையில் வரும் சராசரி, பெரும்பாலான கார்களில் கொஞ்சம் தாராளமாகவே காட்டும். நிஜத்தை அறிய டேங்கை நிரப்பி, பம்ப் தானாக நின்ற முதல் தடவையிலேயே நிறுத்தி, டிரிப் மீட்டரைச் சுழியமாக்குங்கள். அடுத்தமுறையும் அதேபோல முதல் நிறுத்தம் வரை நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுங்கள். பம்ப் நிற்கும் இடம் முன்பின் ஒரு லிட்டர் வேறுபடலாம். பத்து லிட்டர் மட்டும் ஊற்றி அளந்தால் அந்தப் பிழை 10 சதவீதம், முப்பது லிட்டரில் 3 சதவீதம்தான். ஆகவே முக்கால் டேங்க் காலியான பிறகு அளந்தால்தான் அளவுக்கு அர்த்தம் உண்டு.

இரண்டு பகுதிகளின் மைலேஜைக் கூட்டி இரண்டால் வகுக்காதீர்கள். 100 கி.மீ. லிட்டருக்கு 25 கொடுத்து, அடுத்த 100 கி.மீ. 15 கொடுத்தால் சராசரி 20 என்று தோன்றும். ஊற்றிய பெட்ரோல் 4 லிட்டரும் 6.67 லிட்டரும், மொத்தம் 10.67. உண்மைச் சராசரி 18.75.

ஒரு டேங்க் எண்ணை வைத்துக் கவலைப்பட வேண்டாம், காற்றும் மலையும் நெரிசலும் ஒவ்வொரு முறையும் மாறும். ஒரே மாதிரிச் சாலையில், ஒரே வேகத்தில், தொடர்ந்து இரண்டு மூன்று டேங்குகள் முன்பைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் வரிசையாகப் பாருங்கள். முதலில் டயர் காற்று, சக்கரச் சீரமைப்பு. அடுத்து பிரேக் ஏதாவது ஒரு சக்கரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள், ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரம் மட்டும் கொதிக்கும். பின்பு இன்ஜினின் காற்று வடிகட்டி, பேட்டரி விசிறியின் வடிகட்டி. எல்லாம் சரியாக இருந்து, பேட்டரி அளவு மட்டும் திரையில் சட்சட்டென்று ஏறி இறங்கினால், பேட்டரியின் ஒவ்வொரு தொகுதியின் மின்னழுத்தத்தையும் பணிமனையில் தனித்தனியே அளக்கச் சொல்லுங்கள். ஒரு தொகுதி பலவீனமானாலே அப்படித் தெரியும். அதை அடுத்த நெடும்பயணத்துக்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.